நான் வெட்டிய வட்டங்கள்

என் மனைவியின் வாழ்க்கைக்கு நான் எண்பது மதிப்பெண் போட்டேன். அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கேள்வியும் அவளிடம்தான் கேட்கப்பட்டது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வாய் திறப்பதற்குள் நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லி முடித்திருந்தேன்.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை. பெயர் தேவையில்லை, தப்பு அவர்களுடையது அல்ல. அங்கே நெடுநாள் நோயாளிகளை அவ்வப்போது உட்காரவைத்து, அவர்களுடைய வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். நோய் எப்படி இருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லிவிடும். அந்த நோயை வைத்துக்கொண்டு மனுஷி எப்படி இருக்கிறாள் என்பதை அவளைக் கேட்டால்தான் தெரியும். அந்த ஏற்பாட்டின் நியாயம் அவ்வளவுதான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது புரியாமல் இல்லை.

எங்கள் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. இங்கிலீஷ் தெரிந்தவர்தான் டாக்டரிடம் பேசுவார். வயிறு யாருடையதாக இருந்தாலும் வலியை விவரிப்பது அவர்தான். என் மாமனாருக்காகப் பேசினேன், என் அம்மாவுக்காகப் பேசினேன், பிறகு மனைவிக்காகப் பேசினேன். இதை ஒரு சேவை என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பை இப்போது தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது.

அவளுக்குப் பெருங்குடலில் புண். வருஷக்கணக்காக ரத்தமும் சீதமுமாகப் போய்க்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து கிள்ளானில் அவள் தங்கை வீடு வரைக்கும் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எதில் பூட்டு வேலை செய்யாது என்று அவளுக்கு மனப்பாடம். மாத்திரைகளில் முகம் ஊதியது, முடி கொட்டியது. கடைசியில் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டினார்கள். இனி ஆயுசுக்கும் மலம் அந்தப் பையில்தான் விழும்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று, பை மாற்றுவதைக் கணவனும் கற்றுக்கொள்ளட்டும் என்று நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். திரையை இழுத்துவிட்டு, பழைய பையை உரித்தார். கோவைப்பழ நிறத்தில், ஈரமாக, தானாக அசைந்துகொண்டு அந்தக் குடல்வாய் இருந்தது. நான் பார்க்கும்போதே அதிலிருந்து வழிந்தது. நான் தலையாட்டினேன். "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிவிட்டு வார்டு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது பாடம் முடிந்திருந்தது. நர்ஸ் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் ஒரு வட்டம் வெட்டியிருந்தது. மனைவி படுத்தபடி என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையின் பின்புறம் தோலில் ஒட்டும் பட்டை ஒன்று உண்டு. அதன் நடுவில், குடல்வாயின் அளவுக்குச் சரியாக வட்டம் வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்த அட்டை. இந்த வேலையை நான் ஆர்வமாக ஏற்றுக்கொண்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில், மேசையில், வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டே செய்யலாம். பிளாஸ்டிக் புதிதாக, வாசனை இல்லாமல் இருக்கும். அவள் உடம்பைப் பார்க்காமலும் தொடாமலும் அவளுக்கு உதவலாம். பைகள் பெட்டியாக வந்ததும் மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெட்டி அடுக்கிவிடுவேன். என் வட்டங்கள் அழகாக இருக்கும். கரும்பலகையில் கைவீச்சிலேயே வட்டம் போட்டவன் நான்.

சுபாங் ஜெயாவிலிருந்து வந்த மகள் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். உறவினர்கள் கும்பிடும் கைகளாக அனுப்பித் தள்ளினார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒருத்தர் எழுதினார். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். இரண்டாவது முறையும் வாசித்தேன்.

சில வாரங்கள் கழித்து அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"ஏங்க, அந்த ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்கோ? ஓரமா ஒழுகுது. தோலெல்லாம் எரியுது."

"ஆஸ்பத்திரியில குடுத்த அளவு. நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

"இல்ல, போகப் போக அது சுருங்கும், திரும்ப அளந்து வெட்டணும்னு அந்த நர்ஸ் சொன்ன மாதிரி ஞாபகம்."

"நீ மருந்து மயக்கத்துல இருந்த. நான்தானே பக்கத்துல நின்னேன்? அப்படி ஒண்ணும் சொல்லல."

நான் பக்கத்தில் நிற்கவில்லை. கழிப்பறையில் கமோடைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அவளுடைய சரியான ஞாபகத்தைப் பொய் என்று ஆக்கினேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் அதே அட்டையை வைத்து அடுத்த பெட்டியையும் வெட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானுக்குப் போய்த் தங்கை வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் நல்ல மழை, வண்டிகள் நகரவில்லை. பை ஒழுகியது. காருக்குள் அந்த வாடை எழுந்தது. நான்கு கண்ணாடிகளையும் முழுசாக இறக்கினேன். மழை அவள் பக்கமாகத்தான் சாய்ந்து அடித்தது. அவள் நனைந்தாள். கால்மாட்டில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மெல்லத் தன் அடியில் போட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை நான் சாலையைத்தான் பார்த்தேன். மறுநாள் கார் கழுவும் இடத்தில் மீன் குழம்பு கொட்டிவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கிள்ளானுக்குப் போகவில்லை. தங்கை போன் செய்தால், "உடம்பு முடியலடி" என்பாள். நானும் அவளை வற்புறுத்தவில்லை.

பிறகு நான் மகளின் பழைய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். அவளுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று சொன்னேன். பாசார் கடை ஒன்றில் மல்லிகை வாசனை ஸ்ப்ரே ஒன்று வாங்கிக் கழிப்பறைக் கதவுக்கு வெளியே வைத்தேன். அவள் பையைக் காலி செய்துவிட்டு வெளியே வந்ததும், நான் எங்கே இருந்தாலும் எழுந்து போய் அடிப்பேன். புஸ்ஸென்று. அவள் நடைவழியில் நாலடி எடுத்து வைத்திருப்பாள், முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். அவள் திரும்பியதில்லை. மலமும் மல்லிகையும் கலந்த வாடை எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். அது தனியாக இருக்கும் மலவாடையைவிட மோசம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை சுற்றி வருகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி மேடையில் விளக்கேற்றுவது அவள்தான். காய்ச்சலோடும் ஏற்றியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்து, கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வந்தாள். நான் முந்திக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தேன்.

"நீ ரெஸ்ட் எடு. நான் ஏத்துறேன்."

"நிக்க முடியுதுங்க."

"வேணாம்மா. எதுக்குச் சிரமம்."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். வயிற்றில் மலத்தைக் கட்டிக்கொண்டு ஒருத்தி விளக்கைத் தொடுவது தீட்டு என்று நான் நினைத்தேன். எந்த ஐயரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. எந்தப் பெரியவரும் கேட்கவில்லை. நானே நினைத்து நானே முடிவுசெய்தேன். பள்ளித் தமிழ் மன்றத்தில் மூடப்பழக்கங்களைப் பற்றி வருஷா வருஷம் பேசிக் கைதட்டல் வாங்கிய ஆள் நான். மலம் எல்லாருடைய வயிற்றிலும்தான் இருக்கிறது. விளக்கேற்றிய என் வயிற்றிலும் இருந்தது. அவளுடையது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தீப்பெட்டி என் கையில் இருந்தது. அடுத்த வெள்ளியும் நானே ஏற்றினேன். அதற்கு அடுத்த வெள்ளி அவள் குளித்துவிட்டு அந்தப் பக்கம் வரவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் முதல் தடவை கேள்வி கேட்டார்கள். ஓர் இளைஞர், கையில் தட்டைக் கணினி, அவசரத்தில் இருந்தார். நான் ஆங்கிலத்தில் பட்பட்டென்று சொல்வது அவருக்கு வசதியாக இருந்தது. பை ஒழுகுகிறதா? எப்போதாவது. தூக்கம்? பரவாயில்லை. வெளியே போகிறாரா? போகிறார். குடும்பத்தின் ஆதரவு? முழு ஆதரவு. சமயக் காரியங்களில் முன்போல் கலந்துகொள்ள முடிகிறதா?

"யெஸ், யெஸ். நோ ப்ராப்ளம்" என்றேன்.

அவள் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறைப் படத்தை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்த இளைஞர் உஷ்ணமானி போல நெட்டாக வரைந்த ஒரு கோட்டைக் காட்டினார். அடியில் பூஜ்ஜியம், உச்சியில் நூறு. பூஜ்ஜியம் என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மோசமான நிலை, நூறு என்றால் மிக நல்ல நிலை. இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று கைவைக்கச் சொன்னார். நான் கைவைத்தேன். எண்பது.

எதற்காக எண்பது? ஐம்பது என்றால் இன்னும் கேள்வி வருமே என்ற பயம் கொஞ்சம். பெரும்பகுதி அதுவல்ல. அந்த மதிப்பெண் எனக்கானது என்று நினைத்தேன். அவள் நன்றாக இருந்தால் நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். என் பரீட்சைத்தாளை நானே திருத்திக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "எண்பதா போட்டீங்க?"

"ஆமா."

"ஸ்கூல்ல யாருக்கும் எழுபதுக்கு மேல போட மாட்டீங்களே சார். புள்ளைங்க அழுவும். எனக்கு மட்டும் என்ன தாராளம்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை வண்டி ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

அந்தப் பதில்களை வைத்துத்தான் யாரை மறுபடி கூப்பிட்டுக் கவனிக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. எண்பது வாங்கியவளை யார் கூப்பிடுவார்கள்? அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர், "எனி ப்ராப்ளம்?" என்பார். நான், "நோ ப்ராப்ளம், டாக்டர்" என்பேன். அவரும் மகிழ்ச்சி, நானும் மகிழ்ச்சி. அவள் உடைக்குள் எரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாம் தடவை கேள்வி கேட்க வந்தவர் ஒரு பெண். டெங்கில் ஊர்ப்பக்கத்துத் தமிழ்ப் பெண், என் பழைய மாணவிகள் வயது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அங்கிள், நீங்க வெளிய இருங்க. ஆன்டிகிட்ட தனியா கேக்கணும்."

"அவங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதும்மா. நான் இருந்தா சீக்கிரம் முடியும்."

"எனக்குத் தமிழ் வரும் அங்கிள். அவசரம் ஒண்ணும் இல்ல."

"போன தடவ நான்தான்..."

"அதான் அங்கிள், பாத்தேன்" என்றார் அவர்.

மனைவி என்னைப் பார்த்துக் கையை வீசினாள். "போங்க. கேன்டீன்ல தே தாரிக் குடிச்சிட்டு வாங்க. காணாமப் போயிட மாட்டேன்."

நான் கேன்டீனுக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. அவள் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. அது சிரிப்பைவிட எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கதவு திறந்து, அந்தப் பெண் வேகமாகப் போய், பை பராமரிப்புக்கென்று இருக்கும் நர்ஸ் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அவள் கட்டிலில் படுத்திருந்தாள். பை உரித்திருந்தது. நான் அதைப் பார்ப்பது அது இரண்டாம் முறை. குடல்வாய் முன்பு பார்த்ததில் பாதிதான் இருந்தது. அதைச் சுற்றி, என் வட்டம் விட்ட இடைவெளி முழுக்க, தோல் வெந்துபோய் உரிந்து ரத்தம் கசிந்தது. யாரோ காம்பஸ் வைத்துக் கோடு போட்டதுபோல அந்தப் புண்ணுக்கு விளிம்பு இருந்தது. என் விளிம்பு. நான் வெட்டிய வட்டத்தை அவள் தோலில் பார்த்தேன்.

"யாரு அங்கிள் வெட்டறது?" என்று நர்ஸ் கேட்டார்.

"இவருதான்" என்றாள் மனைவி. "ரொம்ப நல்லா வெட்டுவாரு. கணக்கு வாத்தியாரு."

"வட்டம் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிறது சுருங்கிருச்சுலா. இவ்ளோ எடம் விட்டா நாள் பூரா மலம் தோல்லயே நிக்கும். எரியாம என்ன பண்ணும்? ஒட்டவும் ஒட்டாது, ஒழுகும். வீட்டுக்கு அனுப்பறப்பவே சொல்லியிருப்பாங்களே, திரும்பத் திரும்ப அளக்கணும்னு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நர்ஸும் பார்த்தார்.

"சொல்லல" என்றேன்.

அந்த அறையில், அந்தப் புண்ணைப் பார்த்த பிறகும், என் வாயிலிருந்து வந்த சொல் அதுதான். முகம் தெரியாத ஒரு நர்ஸின் தலையில் பழியைத் தூக்கிப் போட்டேன். மனைவி கூரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். புதிதாக அளந்தார்கள். புதிய அட்டையை என்னிடம் நீட்டப்போன நர்ஸைத் தடுத்து, அவள் கை நீட்டி வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க வாந்தி எடுத்தது எனக்குத் தெரியும்."

நான் சாவியைத் திருகவில்லை.

"காலர்ல ஒட்டியிருந்துச்சு. பாவம், மனுஷனுக்கு முடியலன்னு நெனச்சேன். அதுக்குக் கோபம் இல்ல. அளவு மாறும்னு அந்த நர்ஸு நல்லாத்தான் சொன்னா. நான்தான் கனவு கண்டேன்னு என்னை நம்ப வெச்சீங்க பாருங்க."

எதையாவது பேசவேண்டும் என்று, "எத்தனை போட்ட?" என்று கேட்டேன்.

"முப்பது."

"பையாலயா?"

"பைக்கு நான் பழகிட்டேன். பை என்னை ஒண்ணும் சொல்லல." சீட் பெல்ட்டை இழுத்து, வயிற்றில் அழுத்தாதபடி கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஸ்ப்ரே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வெளக்கு" என்றாள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். வெட்கக்கேடுதான், என்னைப் பற்றி என்ன பதிவாகியிருக்கும் என்ற கவலைதான் அப்போதும் முதலில் வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

பை ஒழுகுவது நின்றுவிட்டது. தோல் ஆறியது. வீட்டில் வாடையும் பெரும்பாலும் போய்விட்டது. எந்த வாடைக்காக நான் அறை மாறினேனோ, எந்த வாடையை மறைக்க மல்லிகையை அடித்தேனோ, அதை உண்டாக்கியது என் கத்தரிக்கோல்தான். அவள் உடம்பைக் கண்டு அருவருத்தேன், நான் செய்த அசிங்கத்தை அவளுடையது என்று நினைத்துக்கொண்டு. நாற்றத்தைப் பற்றி எனக்கு இருந்த உறுதி வேறு எதைப் பற்றியும் இருந்ததில்லை.

ஸ்ப்ரே குப்பியைத் தூக்கி எறிந்தேன். படுக்கையைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "இப்பத்தான் குறட்டை இல்லாமத் தூங்கறேன், கெடுக்காதீங்க" என்றாள். அவளே அளந்தாள், அவளே வெட்டினாள். என் அளவுக்கு வட்டம் வராது, ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆனால் ஒழுகாது.

பை வைத்திருப்பவர்கள் மாதா மாதம் கூடிப் பேசும் ஒரு குழு இருப்பதாக அந்த டெங்கில் பெண் சொல்லியிருக்கிறார். அதற்குப் போக ஆரம்பித்தாள். அதில் ஒரு சீன ஆடவர் தன் பைக்குப் பேர் வைத்திருக்கிறாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி, சொல்லும்போதே சிரிப்பு தாங்காமல் சோபாவில் சாய்ந்தாள். கிள்ளானுக்கு இப்போது தனியாகவே கோமுட்டர் ரயிலில் போய் வருகிறாள். நான் வரட்டுமா என்றால், "நீங்க எதுக்கு, எனக்கு டிக்கெட் வாங்கத் தெரியும்" என்கிறாள். அவள் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததில் என் பங்கு, நான் பேசாமல் இருந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்ததும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன்.

"இனிமே நீயே ஏத்தலாம்."

தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "என்ன, பெர்மிட் குடுக்கறீங்களா?"

"அப்படி இல்லம்மா..."

"எத்தன மாசத்துக்கு? புதுப்பிக்கணுமா?"

நான் திரும்பிப் போய் நானே ஏற்றினேன். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

இந்த வருஷம் அவள் தங்கை வீட்டார் கிள்ளானில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினார்கள். வெள்ளிக்கிழமைதான். எல்லாரும் வந்திருந்தார்கள். மனைவி புடவை கட்டியிருந்தாள். பை அழுத்தாமல் கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகும் முறையை அந்தக் குழுவில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பூஜை அறையில் தங்கை குத்துவிளக்கின் முன் நின்றுகொண்டு உரக்கக் கூப்பிட்டாள்.

"அக்கா, வா. நீதான் மொத விளக்கு ஏத்தணும்."

மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "எனக்குப் பை இருக்குடி" என்றாள்.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "பை இருந்தா என்ன? கையி இருக்குல்ல? வந்து ஏத்து. நேரம் போவுது. கொழுக்கட்டை ஆறுது."

யாரோ சிரித்தார்கள். மனைவி போய் ஏற்றினாள். திரியைக் கிள்ளி, நுனியை நிமிர்த்தி, ஒவ்வொரு முகமாக. நான் ஆண்களோடு வாசல் பக்கம், செருப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். அத்தனை பேருக்கும் அது ஒரு சாதாரணக் காரியம். எத்தனை வெள்ளிக்கிழமைகளை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

திரும்பும்போது மழை. நெடுஞ்சாலையில் பழையபடி வண்டிகள் நின்றுவிட்டன. பந்தியில் பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். பை காற்றில் உப்பி, ஓரம் விட்டுவிட்டது. அந்த வாடை எழுந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்தேன். ஒரு கண்ணாடியும் இறக்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வாயால் மூச்சு விட்டேன். அதையும் மறைத்தேன். சொல்லிவிடுகிறேன், அந்த வாடை எனக்கு இன்றும் ஆகவில்லை. மனம் மாறியது, மூக்கு மாறவில்லை.

"ஏங்க" என்றாள் அவள்.

"ம்."

"செத்துப்போயிடுவோம். கண்ணாடிய எறக்குங்க."

"மழை பெய்யுதேம்மா."

"பெய்யட்டும்லா. நாத்தம் நாத்தம்தான். எனக்கு மட்டும் மூக்கு இல்லையா?"

"அன்னைக்கு எறக்கினேன்னுதானே நீ..."

"அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் எந்தக் கண்ணாடி என்று கேட்டேன். உங்கள் பக்கம் பாதி, என் பக்கம் கொஞ்சம் என்றாள். அப்படியே இறக்கினேன். இந்த முறை மழை என் தோளில் அடித்தது. அவள் கால்மாட்டில் கிடந்த செய்தித்தாளை எடுத்தாள்.

"படிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"பரவால்ல" என்று விரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். பொழுது சாய்ந்திருந்தது. சாமி மேடையில் எண்ணெய் ஊற்றிவிட்டு, தீப்பெட்டியைத் தொடாமல், அவள் வரும்வரை காத்திருந்து கேட்டேன். "நம்ம வீட்டு வெளக்க நீ ஏத்துறியா?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் நான்தான் ஏற்றுகிறேன். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அவள் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்து, திரி நீளமாக இருக்கிறது, புகையும், குறையுங்கள் என்கிறாள். குறைக்கிறேன்.